ஜெனீவாவில் இருந்து அமெரிக்கா போன கணக்கர்: அல்பேர்ட் கலட்டின்

ஐப்பசி பிறந்தால் எம்மவர் வீடுகளில் அமெரிக்க கிறீன் கார்ட் லொத்தர் பற்றிய பேச்சும் எழும். யாழ்ப்பாணத்தில் பிறந்த அப்பாவும் சுவிசில் பிறந்த மகளும் வழமையாக விண்ணப்பிக்கக் கூடியவர்கள். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்த மருமகனும் கனடாவில் பிறந்த மருமகளும் முடியாது என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அந்த லொத்தர் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த மண்ணைப் பார்க்கிறது. ஐந்து ஆண்டுகளில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் அமெரிக்காவுக்குக் குடியேறிய நாடுகள் பட்டியலில் இருந்து விலக்கப்படும். இந்தியாவும் கனடாவும் அப்படித்தான் விலக்கப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் வேறு வழி உண்டா என்று எம்மிடம் கேட்பவர்கள் பலர். ஊரில் வணிகவியல் படித்து, இங்கு வந்து உணவகச் சமையலறையில் தட்டுக் கழுவி, பிறகு ஒருவாறு கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பியவர்கள் நாம். வரிப் படிவம் நிரப்பக் கொண்டுவருபவர்கள் கூடவே விசாக் கேள்வியையும் கொண்டுவருவார்கள். அதற்கான விடையை இக்கட்டுரையின் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன்னர், இதே மண்ணில் இருந்து அமெரிக்கா போன ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். கணக்குத் தொழிலில் உள்ளவர்களுக்கு அவர் ஒரு பெரியவர். அகதி வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு அவருடைய கதையின் பல பக்கங்கள் புதியவையாக இரா.

அல்பேர்ட் கலட்டின் 1761 தை மாதம் 29ஆம் திகதி ஜெனீவாவில் பிறந்தார். அன்று ஜெனீவா தனிக் குடியரசு. சுவிஸ் கூட்டமைப்பில் அது இணைந்தது 1815இல்தான். கலட்டின் குடும்பம் நகரத்தின் பழைய, செல்வாக்கான குடும்பங்களில் ஒன்று. ஆனால் நான்கு வயதில் தந்தையையும் ஒன்பது வயதில் தாயையும் அவர் இழந்தார். கத்தரின் பிக்டே என்ற, மணமாகாத பெண்மணி ஒருவரே அவரைத் தன் பிள்ளை போல் வளர்த்தார். ஜெனீவாக் கல்விக்கழகத்தில் படித்து 1779இல் பட்டம் பெற்றார்.

பாட்டியார் அவருக்கு ஒரு நல்ல வேலை பார்த்து வைத்திருந்தார். ஜேர்மனியின் ஹெஸ்ஸ இளவரசர் பாட்டியாரின் நண்பர். அவரது படையில் உயர் அதிகாரிப் பதவி. அமெரிக்க விடுதலைப் போரை அடக்க இங்கிலாந்து கூலிக்கு எடுத்த படைகளில் அதுவும் ஒன்று. கொடுங்கோலன் ஒருவனுக்குத் தான் சேவகம் செய்யமாட்டேன் என்று பேரன் மறுத்ததாகவும், பாட்டியார் கன்னத்தில் அறைந்ததாகவும் அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1780 சித்திரை முதலாம் திகதி, பத்தொன்பது வயதில், ஹென்றி சேர் என்ற நண்பனோடு யாருக்கும் சொல்லாமல் ஜெனீவாவை விட்டுப் புறப்பட்டார். உயிருக்கு ஆபத்து வந்து ஓடியவர் அல்லர் அவர். அந்த வேறுபாட்டை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் வளர்த்தவரிடம்கூட முகத்துக்கு முகம் சொல்ல முடியாமல் போன பிள்ளை என்றால் எம்மவர்களுக்கு விளங்கும். அதே ஆண்டு ஆடி மாதம் 14ஆம் திகதி மசசூசெற்ஸ் கரையில் இறங்கினார்கள்.

கையில் இருந்த காசில் ஒரு பகுதியைத் தேயிலை வாங்கச் செலவழித்திருந்தார்கள். பொஸ்டனில் நல்ல விலைக்குப் போகும் என்ற நம்பிக்கை. போகவில்லை. தேயிலையைக் கொடுத்து வேறு சரக்கு மாற்றி, அதைக் கொண்டு வடக்கே மேய்ன் எல்லையில் உள்ள மச்சையஸ் என்ற குளிர் பிரதேசத்துக்குப் போனார்கள். அங்கும் வியாபாரம் சரிவரவில்லை. திரும்பிவந்து 1782இல் ஹார்வட் கல்லூரியில் மாணவர்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து வயிறு கழுவினார். நண்பன் சேர் பிழைப்புத் தேடி ஜமைக்காவுக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். சேர்ந்து புறப்பட்ட இருவரில் ஒருவர் கரைசேராத கதை எமக்கும் புதிதல்ல.

அவர் எந்த விசாவில் போனார் என்று இளையவர்கள் கேட்கலாம். அன்று விசாவே இல்லை. லொத்தரும் இல்லை, நாட்டுக்கு இவ்வளவு பேர் என்ற பங்கீடும் இல்லை. கப்பற் கூலி கொடுக்க முடிந்தவர் இறங்கலாம். ஆனால் அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1790இல் வந்த முதலாவது குடியுரிமைச் சட்டம், சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை என்றது. 1917இல் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியில் இருந்து குடியேறுவதே தடுக்கப்பட்டது. 1923இல் பகத் சிங் திண்ட் என்ற சீக்கியருக்கு, அமெரிக்கப் படையில் இருந்தவராயினும், குடியுரிமை கிடையாது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 1946இல் இந்தியருக்கு ஆண்டுக்கு நூறு இடம் கிடைத்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டம்தான் எம்மைப் போன்றவர்களுக்கு வழி திறந்தது. கலட்டின் நடந்த பாதையில் எமது பூட்டன் நடந்திருக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மிகுதியைப் பார்ப்போம்.

கலட்டின் தெற்கே போய் நில வியாபாரத்தில் இறங்கினார். ஓஹையோ ஆற்றுப் பக்கம் அன்று எல்லைப்புறம். வெள்ளையர் விற்று வாங்கிய அந்நிலம் பூர்வகுடிகளிடம் இருந்து பறிபோய்க்கொண்டிருந்த நிலம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1785 ஐப்பசியில் வேர்ஜீனியாவில் அவர் குடிமகனாகச் சத்தியம் செய்தார். இந்தத் திகதியை நினைவில் வைத்திருங்கள்.

அடுத்த ஆண்டு, பூர்வகுடிகளின் தாக்குதலில் அவர் இறந்துவிட்டார் என்ற வதந்தி ஜெனீவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. உறவினர்கள் பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தோமஸ் ஜெபர்சனிடம் விசாரித்தார்கள். பெயர்ப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு செஞ்சிலுவைச் சங்க வாசலில் நின்ற தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். நல்ல வேளை, கலட்டின் உயிரோடு இருந்தார். அவரைப் பற்றி விசாரித்து எழுதிய அதே ஜெபர்சனின் ஆட்சியில் பதினைந்து ஆண்டுகளின் பின்னர் அவர் அமைச்சராவார் என்று அன்று யாருக்கும் தெரியாது.

பென்சில்வேனியாவின் தென்மேற்கு மூலையில், மொனொங்கஹேலா ஆற்றங்கரையில் நிலம் வாங்கி வீடு கட்டினார். நட்புக் குன்று என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். 1789 வைகாசியில் சோபி அலெக்ரே என்ற பெண்ணை மணந்து அங்கே கூட்டிவந்தார். ஐந்து மாதத்தில் அவர் இறந்துவிட்டார். எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஜெனீவாவுக்குத் திரும்பலாமா என்று கலட்டின் யோசித்த காலம் அது. நிலத்தை வாங்க ஆள் இல்லை. நின்றுவிட்டார். 1793இல் ஹன்னா நிக்கல்சனை மணந்தார். அந்த வாழ்வு ஐம்பத்தைந்து ஆண்டுகள் நிலைத்தது.

அக்கம்பக்கத்தார் அவரை மாநிலச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். அங்கே அரச கணக்குகளை வாசித்து விளங்கிச் சொல்லக்கூடிய ஆள் இவர்தான் என்பது விரைவில் தெரிந்தது. 1793 மாசி 28ஆம் திகதி சட்டசபை அவரை அமெரிக்க செனற்றுக்குத் தெரிவுசெய்தது. போனதும் செய்த வேலை, நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹமில்டனிடம் கணக்குக் கேட்டது. எவ்வளவு கடன், எவ்வளவு வரவு, எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவு என்று விபரமான அறிக்கை வேண்டும் என்றார். அது ஆளும் பக்கத்துக்குப் பிடிக்கவில்லை.

அவரது ஆசனத்துக்கு எதிராக மனு ஏற்கெனவே வந்திருந்தது. செனற் உறுப்பினராக ஒருவர் ஒன்பது ஆண்டுகள் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. கலட்டின் நாட்டுக்கு வந்து பதின்மூன்று ஆண்டுகள். ஆனால் சத்தியம் செய்தது 1785 ஐப்பசியில். ஆசனத்தில் அமர்ந்தது 1793 மார்கழியில். எட்டு ஆண்டும் சில வாரமும்தான். போர்க்காலத்திலேயே வந்து இந்த மக்களோடு நின்றவன் நான், ஆகவே வந்த நாளில் இருந்து எண்ண வேண்டும் என்பது அவர் பக்க வாதம். அதுவரை மூடிய கதவுக்குள் கூடிய செனற், இந்த விசாரணைக்காக முதல் முறையாகப் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தது. தெரிவாகிச் சரியாக ஓராண்டில், 1794 மாசி 28ஆம் திகதி, 14க்கு 12 என்ற வாக்கில் அவர் வெளியேற்றப்பட்டார்.

இந்த இடத்தில் சுவிஸ் வாழ் வாசகர்கள் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். வந்த ஆண்டு எது, எண்ணத் தொடங்கும் ஆண்டு எது என்ற கேள்வி எம்மை விட்டதில்லை. 2018 தை முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, குடியுரிமை கேட்க பத்து ஆண்டு வதிவும் சி அனுமதியும் வேண்டும். தஞ்சம் கேட்டு முடிவுக்குக் காத்திருக்கும் என் அனுமதிக் காலம் கணக்கில் இல்லை. எப் அனுமதியில் வாழ்ந்த ஆண்டுகள் பாதியாகவே எண்ணப்படும். இருபது ஆண்டு இங்கே உழைத்தவருக்கும் கோப்பில் பத்து ஆண்டு தேறாமல் போகலாம். வாழ்ந்த காலம் வேறு, தாள் ஏற்கும் காலம் வேறு. கலட்டினுக்கும் அதுவே நடந்தது.

அவர் மனம் உடைந்து ஒதுங்கவில்லை. அந்த ஆண்டே அவரது மாவட்டத்தில் மதுவரிக்கு எதிராக உழவர்கள் ஆயுதம் தூக்கினார்கள். வரி அநியாயம் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் ஆயுதம் வேண்டாம், சட்டத்துக்குப் பணிந்து நின்று வரியை எதிர்ப்போம் என்று ஆத்திரத்தோடு கூடியிருந்தவர்கள் நடுவே எழுந்து பேசினார். அதற்கும் துணிவு வேண்டும். அந்த ஆண்டுத் தேர்தலில் மக்கள் அவரைப் பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பினார்கள். அந்தச் சபைக்கு ஏழு ஆண்டுக் குடியுரிமை போதும். இம்முறை திகதிக் கணக்கில் யாரும் கைவைக்க முடியவில்லை.

பிரெஞ்சு வாடை வீசும் அவரது ஆங்கில உச்சரிப்பைச் சபையில் கேலி செய்தார்கள். அந்நியன் என்றார்கள். 1798இல் குடியுரிமைக்கான காத்திருப்பு ஐந்து ஆண்டில் இருந்து பதினான்கு ஆண்டாக உயர்த்தப்பட்டது. வெளிநாட்டில் பிறந்தவர்களைச் சபைக்கே வரவிடாமல் அரசியலமைப்பைத் திருத்தும் யோசனையும் எழுந்தது. அவரைக் குறிவைத்தே அது என்று பலர் நினைத்தார்கள். கலட்டின் இலக்கங்களோடு எழுந்து நின்றார். அரச செலவைக் கண்காணிக்கச் சபைக்கென நிதிக்குழு வேண்டும் என்றார், அமைத்தும் காட்டினார். ஜெபர்சன் ஆட்சிக்கு வந்தபின், 1802இல், அந்தக் காத்திருப்பு மீண்டும் ஐந்து ஆண்டானது. இன்றும் பொதுவாக அமெரிக்காவில் அதே ஐந்துதான்.

1801இல் ஜெபர்சன் அவரை நிதிச் செயலாளராக்கினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அப்பதவியில் இருந்தார். அவ்வளவு நீண்டகாலம் அதில் இருந்தவர் இன்றுவரை வேறு யாருமில்லை. பொறுப்பேற்றபோது நாட்டின் கடன் சுமார் 83 மில்லியன் டொலர். ஆண்டுக்கு 7.3 மில்லியனைக் கடனுக்கென்றே ஒதுக்கிவைத்து, மிஞ்சியதில்தான் அரசு வாழ வேண்டும் என்று திட்டமிட்டார். மதுவரியையும் எடுத்துவிட்டார். இடையில் 1803இல் லூசியானா நிலப்பரப்பை பிரான்சிடம் இருந்து வாங்க 15 மில்லியன் டொலர் வேண்டி வந்தது. நாட்டின் பரப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிய அந்தக் கொள்வனவையும் புதிய வரி போடாமல் சமாளித்தார். 1812இல் கடன் 45 மில்லியன் அளவுக்கு இறங்கியிருந்தது. ஒரு தேவைக்கென ஒதுக்கிய பணத்தை அதற்கே செலவிட வேண்டும், மிச்சத்தை வேறு பையில் போடக்கூடாது என்பது அவரது விடாப்பிடி. ஊர்ச் சங்கங்களின் கணக்கைப் பார்க்கும் எமக்கு அந்த விதியின் அருமை தெரியும்.

ஆனால் 1812இல் இங்கிலாந்தோடு போர் வந்தது. முந்திய ஆண்டு நாட்டின் மத்திய வங்கியின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று அவர் மன்றாடியும், செனற்றில் சமமாக விழுந்த வாக்கை உப ஜனாதிபதி எதிராகப் போட்டு முறித்துவிட்டார். போருக்குக் காசில்லை. 1813இல் 16 மில்லியன் கடன் கேட்டபோது பெரும்பகுதியைத் தர முன்வந்தவர்கள் மூவர்: பிரான்சில் பிறந்த ஸ்டீபன் ஜிராட், ஜேர்மனியில் பிறந்த ஜோன் ஜேக்கப் அஸ்ரர், டேவிட் பரிஷ். கடன் கேட்ட செயலாளரும் வந்தேறி, கொடுத்த மூவரும் வந்தேறிகள். அவர் பன்னிரண்டு ஆண்டாகச் சேமித்ததைப் போர் தின்றது. 1816இல் கடன் 127 மில்லியன் அளவில் நின்றது.

போரை நிறுத்தவும் அவரே போனார். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1814 மார்கழி 24ஆம் திகதி சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. சண்டைபிடிக்கும் தன் பக்கத்துத் தூதர்களையே சமாளித்து எதிர்ப்பக்கத்தோடும் பேசி முடித்ததில் அவரது பொறுமைக்குப் பெரும் பங்கு உண்டு. அது முடிந்ததும் ஜெனீவாவுக்கு வந்தார். களவாகப் புறப்பட்டுப் போய் முப்பத்தைந்து ஆண்டுகள். நகரம் அவரைக் கௌரவித்தது. வளர்த்த தாயார் அப்போது உயிரோடு இல்லை. ஊருக்குத் திரும்பிப் போய் வீட்டு வாசலில் நின்ற எம்மவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அதன்பின் பாரிசில் ஏழு ஆண்டு தூதர், பிறகு லண்டனிலும் தூதர். முதுமையில் நியூயோர்க்கில் ஒரு வங்கியின் தலைவராக இருந்தார். 1831இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பூர்வகுடிகளின் மொழிகளைத் திரட்டி வகைப்படுத்தி 1836இல் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டார். 1847இல், எண்பத்தாறு வயதில், மெக்சிக்கோ மீதான போர் அநியாயம் என்று எழுதி வெளியிட்டார். 1849 வைகாசியில் ஹன்னா இறந்தார். மூன்று மாதங்களில், ஆவணி 12ஆம் திகதி, அவரும் போய்விட்டார். நியூயோர்க் ட்ரினிட்டி தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கணக்குக் கேட்டு மல்லுக்கட்டிய ஹமில்டனின் கல்லறையும் அதே முற்றத்தில்தான் இருக்கிறது. ஹமில்டனும் கரீபியன் தீவொன்றில் பிறந்து வந்தவர். வாஷிங்டன் திறைசேரிக் கட்டடத்தின் தெற்குப் பக்கம் ஒருவர் சிலை, வடக்குப் பக்கம் மற்றவர் சிலை.

இனி எம்மிடம் கேட்கப்படும் கேள்விக்கு வருவோம். லொத்தரில் இடமில்லாதவருக்கு வேறு என்ன வழி?

முதலில், இடமில்லை என்பது உண்மைதானா என்று பாருங்கள். பிறந்த நாடு பட்டியலில் இல்லாதவர், தன்னோடு சேர்ந்து குடியேறும் கணவன் அல்லது மனைவியின் பிறந்த நாட்டைக் காட்டலாம். பிள்ளை பிறந்தபோது பெற்றோர் இருவருமே அந்த நாட்டில் பிறந்தவர்களாகவோ சட்டப்படி அங்கு வதிபவர்களாகவோ இல்லையென்றால், பெற்றோரில் ஒருவரின் பிறந்த நாட்டைக் காட்டவும் விதி உண்டு. முகாமில் பிறந்தவர்களுக்கு இது பொருந்துமா என்பது குடும்பத்தின் ஆவணங்களைப் பொறுத்தது. வழக்குரைஞர் ஒருவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்தது குடும்ப வழி. அமெரிக்கக் குடிமகனின் கணவன், மனைவி, பெற்றோர், வயது குறைந்த பிள்ளைகள் ஆகியோருக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. சகோதரர் கூப்பிடலாம், ஆனால் அந்த வரிசை பல ஆண்டு நீளம். மூன்றாவது, வேலை வழி. அமெரிக்க நிறுவனம் ஒன்று மனுச் செய்ய வேண்டும். இங்கும் பிறந்த நாடு குறுக்கே வரும். எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு ஏழு வீதத்துக்கு மேல் இல்லை என்பதால் இந்தியாவில் பிறந்தவர் மிக நீண்டகாலம் காத்திருக்க, சுவிசிலோ இலங்கையிலோ பிறந்தவரின் வரிசை பெரும்பாலும் குறுகியது. அமெரிக்காவில் கிளை உள்ள சுவிஸ் நிறுவனத்தில் கடந்த மூன்று ஆண்டில் ஓராண்டாவது முகாமையாளராகவோ சிறப்பு அறிவுள்ளவராகவோ வேலை செய்தவரை, நிறுவனமே அங்கு மாற்றலாம்.

நான்காவது, சுவிஸ் கடவுச்சீட்டு உள்ளவர்களில் பலருக்குத் தெரியாத வழி. 1850இல் சுவிசும் அமெரிக்காவும் செய்த ஒப்பந்தத்தின் பயனாக, சுவிஸ் குடிமக்கள் வர்த்தகர் அல்லது முதலீட்டாளர் விசா கேட்கலாம். இது பிறந்த நாட்டைப் பார்ப்பதில்லை, குடியுரிமையைப் பார்க்கிறது. இந்தியாவில் பிறந்து சுவிஸ் குடிமகனானவரும் கேட்கலாம். ஆனால் இது நிரந்தர வதிவிடம் அன்று. தொழில் உண்மையானதாக இருக்க வேண்டும், போட்ட பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். கணக்குச் சுத்தமில்லாதவர்கள் இந்த வழியை நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. சுவிசில் பாதுகாப்பும் நிரந்தர வதிவிடமும் கிடைத்தவர், அமெரிக்காவில் போய் இறங்கித் தஞ்சம் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேறொரு நாட்டில் நிலையாகக் குடியமர்ந்தவருக்கு அங்கே தஞ்சம் இல்லை என்பது பொது விதி. அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவர் சுற்றுலாப் போவதற்கும் விசா எடுக்க வேண்டும். லொத்தரில் வெற்றிபெற வைப்போம் என்று காசு கேட்கும் முகவர்களால் எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சிலர் தமது மின்னஞ்சல் முகவரியைப் போட்டுப் பதிந்துவிட்டு, பெயர் விழுந்தபின் உறுதி இலக்கத்தைத் தராமல் விலைபேசுவார்கள். விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறுகின்றன. அமெரிக்க அரசின் அன்றைய அறிவித்தலை வாசிக்காமல் ஒரு பிராங்கும் கட்டாதீர்கள்.

எந்த வழியானாலும் வேண்டியது தாள்களே. பிறப்புச் சான்றிதழ், வந்த நாள், அனுமதி கிடைத்த நாள், குடியுரிமை கிடைத்த நாள், வரி கட்டிய சான்று. இவற்றை ஒரு கோப்பில் ஒழுங்காகப் போட்டு வையுங்கள். பிள்ளைகளுக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். ஒரு நாட்டின் கடனைப் பாதியாகக் குறைக்கத் தெரிந்தவரே ஓராண்டுக்கும் குறைந்த காலம் குறைந்ததால் ஆசனம் இழந்தார். அடுத்த முறை காலம் நிறைந்தபின் போனார், யாராலும் எழுப்ப முடியவில்லை.